மூன்று நாள் வசூலும் முப்பது நாள் கூலியும்

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் இந்தப் படம் இத்தனை கோடி வசூல் என்று திங்கட்கிழமை விளம்பரம் வருகிறது. ராத்திரி ஷிப்டு முடித்து வரும் மில் தொழிலாளியும், நாற்று நடப் போகும் விவசாயத் தொழிலாளியும் அந்தக் கோடிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். தம் அபிமான நடிகரின் வெற்றி என்று மகிழவும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கோடிகள் யார் பையிலிருந்து போயின? யார் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன? இந்தக் கேள்வியை விளம்பரம் போடுபவர்கள் கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் சினிமாவைப் பற்றி எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். ஒன்றை நினைவூட்டுகிறோம். 1936 ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுகளுக்குப் பலியானார்கள். எட்டு மணி நேர வேலை அவர்களது கோரிக்கைகளில் ஒன்று. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம் என்றால் மீதி எட்டு மணி நேரம் எதற்கு? படிக்க, பாட, பார்க்க, நாலு பேரோடு கூடிச் சிரிக்க. தொழிலாளியின் ஓய்வு நேரம் முதலாளி தானாக அள்ளிக்கொடுத்த தர்மம் அல்ல. ரத்தம் சிந்திப் பெற்ற சொத்து. அந்தச் சொத்தின் மீது இன்று யார் கை வைக்கிறார்கள் என்று பார்ப்பது நமது கடமை.

பழைய முறையை மூத்த தோழர்கள் அறிவார்கள். படம் முதலில் பெருநகரத்தில் ஓடும். பிறகு திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களுக்கு வரும். கடைசியில், பிரதி தேய்ந்து கோடு விழுந்த பிறகு, கிராமத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். ‘ஏ’ சென்டர், ‘பி’ சென்டர், ‘சி’ சென்டர் என்று வியாபாரிகள் பெயர் வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டம் பிரிந்து 1993-லிருந்து எத்தனையோ வருஷம் ஆகியும், சினிமா வியாபாரத்தில் நாம் இன்னும் ‘தென்னாற்காடு ஏரியா’தான். தாமதமாக வந்தாலும், மயிலம் வட்டாரத்துக் கூலிக்காரன் மணல் தரையில் உட்கார்ந்து குறைந்த காசில் படம் பார்த்தான். படம் நூறு நாள் ஓடினால்தான் வெற்றி என்றும் அன்று பேசினார்கள்.

பிறகு பிலிம் சுருள் போயிற்று, டிஜிட்டல் வந்தது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் படத்தைத் திரையிட வழி ஏற்பட்டது. நல்ல விஞ்ஞானம்தான். முதலாளித்துவம் அதை எப்படிப் பயன்படுத்திற்று? படம் நன்றாக இல்லை என்ற சேதி பரவுவதற்குள், மூன்றே நாளில் பணத்தை அள்ளிவிட வேண்டும் என்று பயன்படுத்திற்று. பெரிய நடிகரின் படம் என்றால் முதல் வார வசூலில் 100-க்கு 70, 80 என்று விநியோகஸ்தர் பங்கு கேட்கிறார். சிறு ஊர்க் கொட்டகைக்காரர் மிச்சத்தைப் பாப்கார்னிலும் வண்டி நிறுத்தத்திலும் தேடுகிறார். சுமை கடைசியில் யார் முதுகில் விழுகிறது? டிக்கெட் வாங்குகிறவன் முதுகில்!

கணக்குப் பார்ப்போம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். டிக்கெட் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகளுக்கு 400 ரூபாய். ஒரு நாள் கூலி முழுவதும் கொடுத்தும் போதவில்லை. பஸ் சார்ஜும், குழந்தை கேட்கும் தின்பண்டமும் தனி. 2025 ஆகஸ்ட் 14-ஆம் நாள் ‘கூலி’ என்றே பெயர் சூட்டிய படம் வெளிவந்தது. கூலி வாங்குகிறவனில் எத்தனை பேரால் குடும்பத்தோடு முதல் வாரத்தில் அதைப் பார்க்க முடிந்திருக்கும்?

இந்த இடைவெளியில்தான் ஓ.டி.டி. என்னும் இணையவழிக் கம்பெனிகள் நுழைந்தன. 2020-இல் கொரோனாவால் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது, மே 29-ஆம் நாள் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசானில் வெளியாயிற்று. கொட்டகை உரிமையாளர்கள் கொதித்தார்கள். தடை போடுவோம் என்றார்கள். 2021 ஜனவரி 13-இல் ‘மாஸ்டர்’ கொட்டகைக்கு வந்தது; அதே மாதம் 29-ஆம் நாளே இணையத்துக்குப் போயிற்று. பிறகு நான்கு வாரம் என்பது பெரிய படங்களுக்கு வழக்கமாயிற்று. ‘கூலி’யும் நான்கு வாரத்தில் செப்டம்பர் 11-இல் இணையத்துக்கு வந்துவிட்டது. எட்டு வாரம் வேண்டும் என்கிறார்கள் கொட்டகைக்காரர்கள். எட்டு வாரத்துக்கு ஒப்பாததால் 2023-இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை வடநாட்டு மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் திரையிட மறுத்தன.

நான்கு வாரமா, எட்டு வாரமா? இது இரு முதலாளிகளின் பாகப் பிரிவினைச் சண்டை. ஒரு பக்கம், 2023-இல் ஒன்றாகிவிட்ட பி.வி.ஆர்., ஐநாக்ஸ். மறு பக்கம் அமேசான், நெட்பிளிக்ஸ், ரிலையன்ஸ். ரிலையன்சும் டிஸ்னியும் 2024 நவம்பரில் கைகோத்து, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டாரைக் கொண்டுவந்தன. படம் ஓடும் கம்பியும் அவர்களுடையது, படமும் அவர்களுடையது!

வீட்டிலேயே மலிவாகப் பார்க்கலாமே, ஏழைக்கு நல்லதுதானே என்று சிலர் வாதிக்கிறார்கள். இன்று மலிவாக இருப்பது உண்மை. பல வீடுகளில் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்துதான் புதுப் படம் பார்க்கிறார்கள். அதை நாம் பழிக்கவில்லை. நாளை என்ன ஆகும்? 2016-இல் ஜியோ இலவசமாக வந்தது. 2024 ஜூலையில் கட்டணத்தைக் கூட்டிற்று. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தாவை 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ஆக்கிற்று. 2025 ஜூனில் படத்துக்கு நடுவே விளம்பரத்தைப் புகுத்தி, விளம்பரம் வேண்டாமென்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கொடு என்றது. முதலில் வலை, பிறகு விலை. ஏகபோகத்தின் பழைய வித்தை இது.

இந்தச் சண்டையில் தொழிலாளியின் பேச்சே இல்லை. பிலிம் போனபோது ஆபரேட்டர்களின் கைத்தொழில் போயிற்று. கொட்டகை மூடினால் டிக்கெட் கிழிப்பவர், கூட்டிப் பெருக்கும் பெண், சைக்கிள் ஸ்டாண்டு ஆள் தெருவில் நிற்பார்கள். 1983 முதல் ஓடிய சென்னை உதயம் தியேட்டர் 2024-இல் மூடியது நமக்கெல்லாம் எச்சரிக்கை. சினிமாக் கொட்டகைத் தொழிலாளருக்கென 1981-இல் வந்த தனிச் சட்டமும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் கரைக்கப்பட்டுவிட்டது. அவை 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன.

எதிர்த்து நின்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023-இல் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்களும் அதே ஆண்டில் 118 நாட்கள் நின்றார்கள். இணையத்தில் படம் எத்தனை பேரால் பார்க்கப்படுகிறது என்பதைக் கம்பெனி மறைக்கக் கூடாது, அதற்கேற்ற பங்கு வேண்டும் என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். ஓரளவு பெற்றும் விட்டார்கள். நம் சென்னையில் சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய முன்னோடிகள் நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும். 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை ஒருவர் இயக்கினார், மற்றவர் இசை அமைத்தார். நமக்கும் வழி தெரியாமல் இல்லை.

மாற்று ஏற்பாடும் சாத்தியமே. 2024 மார்ச் 7-இல் கேரள சர்க்கார் ‘சி ஸ்பேஸ்’ என்ற சொந்த இணையத் திரையைத் தொடங்கிற்று. ஒரு படத்துக்கு 75 ரூபாய். பார்த்ததற்கு மட்டும் பணம். அதில் பாதி தயாரிப்பாளருக்கு. சிறு முயற்சிதான். ஆனால் திசை சரியான திசை.

ஆகவே நாம் கோருவது:

1. சர்க்கார் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ஒரு பைசாவும் வசூலிக்கக் கூடாது. முதல் மூன்று நாட்களில் அதிகாரிகள் கொட்டகைகளில் சோதனை நடத்த வேண்டும்.

2. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு டிக்கெட் வாங்குபவரின் கைக்கு வந்தாக வேண்டும்.

3. சிறு ஊர்க் கொட்டகைகளுக்கு நியாயமான பங்கு வேண்டும். அங்கு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எப்., போனஸ் உறுதி வேண்டும்.

4. இணைய விற்பனைப் பணத்தில் சினிமாத் தொழிலாளரின் நலநிதிக்குப் பங்கு ஒதுக்க வேண்டும்.

5. தமிழ்நாட்டிலும் சர்க்காரின் பொது இணையத் திரை வேண்டும். ஊராட்சிகளில் திறந்தவெளிப் படக்காட்சிகள் நடத்த வேண்டும்.

தோழர்களே! எந்த நடிகரை நேசிப்பது என்பது உங்கள் விருப்பம். அதில் நாம் குறுக்கிடவில்லை. ஆனால் அவர் படத்தின் கோடிக் கணக்கை உங்கள் வெற்றியாக எண்ணிவிடாதீர்கள். அது உங்கள் கூலியிலிருந்து போன பணத்தின் கணக்கு. சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். கொட்டகைத் தொழிலாளரைச் சங்கத்தில் சேருங்கள். உழைப்பவனுக்குச் சோறும் வேண்டும், ஓய்வும் வேண்டும், கலையும் வேண்டும். மூன்றையும் போராடியே பெறுவோம்!