கப்பம் கட்டியவன் எங்கே?

நியூயோர்க்கின் மல்பெரி வீதியில் கோடைக்கால மாலைகளில் ஒரு கூட்டம் நடந்துபோவதைக் காணலாம். முன்னே வழிகாட்டி ஒருவர், பின்னே பதினைந்து இருபது பேர். மாஃபியாவின் வரலாறும் இத்தாலியச் சாப்பாடும் ஒரே ரிக்கற்றில். ஒரு கடைவாசலில் ஒரு துண்டு சீஸ், அடுத்த சந்தியில் ஒரு கொலை, அதற்கடுத்த கடையில் பன்றி இறைச்சியும் ஒலிவ் காயும், பிறகு இன்னொரு கொலை, கடைசியில் 'கனோலி' என்ற இனிப்பு. லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் உறவினர் வந்தால் சுதந்திரதேவி சிலையைக் காட்டிவிட்டு இதற்கும் கூட்டிப் போகிற வழக்கம் எம்மவரிடையேயும் வந்துவிட்டது. நாமும் நடந்திருக்கிறோம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. சாப்பாட்டோடு எமக்குச் சண்டையில்லை.

சண்டை, கதையோடுதான்.

1972 ஏப்ரல் 7ஆம் திகதி அதிகாலை, மல்பெரி வீதியும் ஹெஸ்ரர் வீதியும் சந்திக்கும் மூலையில் இருந்த 'உம்பேர்ட்டோஸ்' மட்டி உணவகத்தில் ஜோ கல்லோ சுடப்பட்டான். அன்று அவனுக்கு 43 வயது நிறைந்த நாள். மனைவியோடும் உறவினரோடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், வெளியே ஓடிவந்து வீதியில் விழுந்தான். இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். (உணவகம் பின்னர் இடம் மாறிவிட்டது. படம் எடுப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.) பொப் டிலன் அவனைப்பற்றி ஒரு பாட்டே பாடி, 1976இல் வந்த இசைத்தட்டில் சேர்த்தார். அடுத்தது 247ஆம் இலக்கம். 'ரவெனைற்' என்ற பெயரில் ஜோன் கொட்டி சபை நடத்திய இடம். மேல்மாடி வீட்டில் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது, 1990 டிசம்பரில் அங்கேயே அவனைப் பிடித்தது, 1992இல் ஆயுள் சிறை, 2002இல் சிறையிலேயே சாவு. அவனுடைய விலையுயர்ந்த கோட்டுச் சூட்டைப்பற்றி வழிகாட்டி சொல்லும்போது கூட்டம் சிரிக்கிறது. எம்மவரும் சிரிக்கிறார்கள்.

இந்த ஒன்றரை மணித்தியாலத்தில் கொன்றவனின் பெயர், கொல்லப்பட்டவனின் பெயர், அவர்களின் பட்டப்பெயர், அவர்கள் கடைசியாகச் சாப்பிட்ட கறி எல்லாம் வந்துபோகின்றன. ஒருவன் மட்டும் வருவதேயில்லை. சீஸ் கடைக்காரன், பேக்கரிக்காரன், மீன்காரன், பழவண்டிக்காரன். கிழமைக்கு இவ்வளவு என்று கப்பம் கட்டியவன். அவன் கொடுத்த காசில்தான் கொட்டியின் கோட்டுச் சூட்டுத் தைக்கப்பட்டது. நாம் நின்று ருசிபார்க்கிற சாப்பாட்டைச் சமைத்ததும் அவன்தான்.

அவன் யார்? 1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது இலட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்த ஏழைகள். பாஷை தெரியாது, பொலிஸ் என்றால் பயம், ஊரில் கடன். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்து, பெட்டிபெட்டியாகப் பழம் சுமந்து, சேர்த்த காசில் ஒரு சின்னக் கடை போட்டவன். கடை கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் ஒரு கடிதம் வரும். கீழே கறுப்பு மையில் ஒரு கை, சிலவேளை ஒரு கத்தியும். இவ்வளவு டொலரை இந்த இடத்தில் வை, இல்லையேல் கடைக்குக் குண்டு, பிள்ளைக்குக் கடத்தல். 'கறுப்புக் கை' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. உலகப் பாடகர் கருசோவுக்கே அப்படிக் கடிதம் வந்தது. அவருக்குப் பொலிஸ் காவல் கிடைத்தது. பேக்கரிக்காரனுக்கு யார் காவல்? கடிதம் எழுதியவனும் பெரும்பாலும் அவனுடைய ஊர்க்காரனே. அவனுடைய பாஷையில், அவனுடைய பயங்கள் எவை என்று அறிந்து எழுதினான். வெள்ளைக்காரக் கடைக்காரனுக்கு அந்தக் கடிதம் போகவில்லை. போயிருந்தால் நகரம் அடுத்த நாளே விழித்திருக்கும்.

இதை எதிர்த்து நின்ற ஒருவரும் அந்தப் பகுதியிலேயே இருக்கிறார், ஒரு சிறு சதுக்கத்தின் பெயராக. ஜோசப் பெற்றொசினோ. 1860இல் தென்னித்தாலியில் பிறந்து, பிள்ளையாக இருக்கும்போதே அமெரிக்கா வந்து, 1883இல் நியூயோர்க் பொலிஸில் சேர்ந்து, இத்தாலிய மொழி தெரிந்த ஒரு சிறு பிரிவைக் கட்டியெழுப்பியவர். குற்றவாளிகளின் பழைய வழக்குகளைத் தேடிப் பலேர்மோவுக்குப் போன இடத்தில், 1909 மார்ச் 12ஆம் திகதி இரவு மரீனா சதுக்கத்தில் சுடப்பட்டு இறந்தார். உடல் நியூயோர்க்குக்கு வந்தபோது தெருக்களில் நின்றவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பேரும் அந்தக் கடிதத்துக்குப் பயந்தவர்கள் அல்லவா? நாம் போன மாலையில் கூட்டம் அந்தச் சதுக்கத்தை நிற்காமல் கடந்தது. அங்கே சாப்பாட்டுக் கடை இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

குற்றத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே இல்லை, வலிந்து கட்டிவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தொடர்பு இருக்கிறது, இவர்கள் காட்டுவதைவிட மிக ஆழமாக. மாஃபியா பிறந்ததே ஒரு சாப்பாட்டுப் பொருளைச் சுற்றித்தான் என்று சொல்லலாம். பலேர்மோவைச் சூழ்ந்த எலுமிச்சைத் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன் விளையும் நிலம். பழம் கப்பலேறி நியூயோர்க்குக்குப் போனது. தண்ணீரையும் காவலையும் கையில் வைத்திருந்தவன் தோட்டத்தையே கையில் வைத்திருந்தான். 1872இல் கஸ்பாரே கலாத்தி என்ற மருத்துவரின் பொறுப்பில் அப்படியொரு குடும்பத் தோட்டம் வந்தது. காவல்காரன் விற்பனையில் பங்கு எடுத்தான், நீர் இறைக்கும் இயந்திரத்தின் நிலக்கரியையும் திருடினான். மருத்துவர் அவனை விலக்கினார். புதிதாக வந்த காவல்காரன் 1874இல் சுட்டுக் கொல்லப்பட்டான். மிரட்டல் கடிதங்கள் வந்தன. பொலிஸிடம் போனால், பொலிஸும் அந்தப் பக்கம். 1875இல் கலாத்தி வீட்டையும் தோட்டத்தையும் தொழிலையும் விட்டுக் குடும்பத்தோடு நேப்பிள்ஸுக்கு ஓடினார். அங்கிருந்து உள்நாட்டு அமைச்சருக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். இந்த ஓட்டத்தை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நியூயோர்க்குக்கே திரும்புவோம். 1935 டிசம்பரில் நகரபிதா லாகார்டியா அதிகாலையில் பிரொங்ஸ் சந்தைக்குப் போய், எக்காளம் ஊதச்செய்து, ஒரு பிரகடனம் வாசித்தார்: சிறிய ஆர்ட்டிச்சோக் விற்கத் தடை. தாமரை மொட்டைப் போன்ற ஒரு மரக்கறிக்கு எக்காளமா என்று இப்போது சிரிப்பு வரும். இத்தாலியக் குடும்பங்கள் விரும்பிச் சமைக்கும் அந்த மரக்கறியைச் சீரோ தெரனோவா என்பவன் கலிபோர்னியாவிலிருந்து வந்ததும் வளைத்துப்போட்டு, தான் வைத்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். அவனை முறிக்கத்தான் தடை. சில நாட்களில் விலக்கிக்கொண்டார். மாஃபியா அரசாங்கத்திடமிருந்து களவெடுத்தது என்று நினைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம். அது களவெடுத்தது ஏழை இத்தாலியப் பெண்ணின் கறிச்சட்டியிலிருந்து.

குப்பையையும் சொல்ல வேண்டும். 1950களின் பிற்பகுதியில் நியூயோர்க் மாநகரசபை கடைகளின் குப்பையை அள்ளுவதை நிறுத்தியது. தனியார் லொறிகள் வந்தன, லொறிகளுக்குப் பின்னால் மாஃபியா வந்தது. ஒரு கடையின் குப்பை இன்ன கொம்பனிக்குச் 'சொந்தம்' என்று தமக்குள் பங்குபோட்டார்கள். கடைக்காரன் ஆளை மாற்ற முடியாது, கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். 1995இல் பெரிய வழக்குப் பதிவாகி, 1996இல் நகரம் புதிய சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அது உடைந்தது. உடனே குப்பைக் கட்டணம் கடகடவென்று இறங்கியது. ஏறத்தாழ நாற்பது வருடம்! ஒவ்வொரு தட்டு ஸ்பகெட்டியின் விலையிலும் அந்தக் காசு இருந்தது. மாஃபியாவையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பேசுவதென்றால் பேசவேண்டியது இதைத்தான். குப்பைவாளிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க யார் வருவார்கள்!

'இது பொழுதுபோக்குத்தானே, இத்தாலியர்களே நடத்துகிறார்கள், அவர்களுக்கு இல்லாத கோபம் உங்களுக்கு ஏன்?' என்று கேட்பார்கள். முதலாவது, அந்தத் தெருவில் இத்தாலியர் எங்கே? 2010 அளவில் வந்த குடிசன மதிப்பீட்டுக் கணக்கெடுப்பில், 'குட்டி இத்தாலி' என்ற பகுதியில் இத்தாலியில் பிறந்த ஒருவர்கூட இருக்கவில்லை. மக்கள் போய்விட்டார்கள். செத்த கொலைகாரர்கள் மட்டும் குடியிருக்கிறார்கள். இரண்டாவது, இந்த நடை புதியதல்ல. 1880களிலேயே பணக்கார நியூயோர்க்கர்கள் இரவில் பொலிஸ் துணையோடு ஏழைகளின் குடியிருப்புகளை 'வேடிக்கை பார்க்க' வந்தார்கள். மல்பெரி வளைவின் சந்துகளில் நின்ற இத்தாலியர்களை அவர்கள் மனிதராகப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னது, இவர்கள் எல்லோரும் கத்திக்காரர் என்றுதான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு விலை இருந்தது. 1891 மார்ச் 14ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸில் பொலிஸ் தலைவர் ஒருவரின் கொலைவழக்கில் தண்டனை கிடைக்காமற் போனதும், ஒரு பெருங்கூட்டம் சிறையை உடைத்துப் பதினொரு இத்தாலியரைக் கொன்றது. அவர்களில் சிலர் அந்த வழக்கில் விசாரிக்கப்படக்கூட இல்லை. 'மாஃபியா' என்ற சொல் அமெரிக்க வீடுகளுக்குள் பரவியது அந்த நாட்களில்தான். அந்த நகரத்தின் மேயர் மன்னிப்புக் கேட்க 2019 ஆகிவிட்டது. 2010இல் 492 தமிழரோடு 'சன் சீ' கப்பல் கனடாக் கரைக்கு வந்தபோது, அமைச்சர்கள் வாயில் முதலில் வந்த சொற்களை நாம் மறந்துவிடவில்லை. ஒரு சிலரின் குற்றத்தை ஒரு மக்களின் பெயராக்குவது எப்படி என்று எமக்குத் தெரியும்.

அதனால்தான் எம்மவரின் சிரிப்பு எமக்குக் கசக்கிறது. 1990களில் ரொறொன்ரோவில் எங்கள் பெடியன்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். 1997 முடிவில் ஒரு டோனற் கடையில் இருந்த, எந்தக் குழுவிலும் சேராத மாணவன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். 2001 ஒக்ரோபரில் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது. இன்னும் இருபது வருடத்தில் ஸ்காபரோவில் ஒருவர் குடை பிடித்து முன்னே நடக்க, பின்னே இருபது பேர் வரலாம்: இந்தக் கடையில் ஒரு கொத்துரொட்டி, அந்தச் சந்தியில் ஒரு வாள்வெட்டு, முடிவில் ஒரு தொதல். அந்த மாணவனின் தாய் அப்போதும் அந்தத் தெருவால் கடைக்குப் போவாள்.

கப்பம் கட்டியவனின் மௌனமும் எமக்கு அந்நியமல்ல. 2006 மார்ச்சில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ரொறொன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் குடும்பங்களிடமும் கடைக்காரரிடமும் புலிகளின் பெயரால் எப்படி மிரட்டிக் காசு கேட்கப்பட்டது என்று எழுதியது. விரும்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். அவர்களைப்பற்றி இங்கே பேச்சில்லை. விரும்பாமல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஊரில் இருந்த தாயை நினைத்துக் கொடுத்தார்கள், கொடுத்ததை யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைக் கதைத்தால் கூட்டத்தில் எழுந்து கத்த நாலு பேர் இருக்கிறார்கள். மல்பெரி வீதிப் பேக்கரிக்காரன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிற தகுதி எவருக்கும் இல்லை. அவனை மறந்துவிட்டு அவனிடம் வாங்கியவனைக் கொண்டாடுகிற உரிமையும் எவருக்கும் இல்லை.

வேறுவிதமாக நடக்க முடியும் என்பதற்குச் சாட்சி பலேர்மோதான், மாஃபியா பிறந்த நகரம். அங்கே கப்பத்துக்குப் பெயர் 'பிட்சோ'. பறவையின் அலகு என்ற சிசிலியச் சொல்லோடு அதை இணைத்துச் சொல்வார்கள். அலகை நனைக்க விடுவது. லிபேரோ கிறாஸி என்ற உள்ளாடைத் தொழிற்சாலை முதலாளி 1991 சனவரியில் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அன்புள்ள கப்பக்காரனே, உனக்குத் தரமாட்டேன் என்பது அதன் சாரம். மற்ற முதலாளிகள் அவரை விட்டு விலகி நின்றார்கள். அவ்வருடம் ஓகஸ்ற் 29ஆம் திகதி காலை வீட்டு வாசலருகே சுடப்பட்டார். 2004இல் ஒரு சில இளைஞர்கள் ஓர் இரவில் நகரம் முழுவதும் சிறு ஒட்டிகளை ஒட்டினார்கள்: பிட்சோ கட்டும் மக்களுக்கு மானம் இல்லை என்ற கருத்தில். அதிலிருந்து 'அடியோ பிட்சோ' இயக்கம் பிறந்தது. கப்பம் கட்ட மறுக்கும் கடைகளின் பட்டியல் வந்தது. 2009 முதல் அவர்களுடைய ஆட்களே பயணிகளை அந்தக் கடைகளுக்கு நடத்திப் போகிறார்கள். அங்கேயும் சாப்பாடு உண்டு. கடலைமாப் பொரியலும் உண்டு, கனோலியும் உண்டு. கதையில் வருபவன் கடைக்காரன், அவனுடைய பெயரோடு.

அதே நகரத்தின் மக்குவேதா வீதியில் கடை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர். பல வருடம் கொடுத்தார்கள், அடி வாங்கினார்கள். 2016 ஏப்ரலில் காம்பிய நாட்டு இளைஞர் ஒருவர் அங்கே தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார். அதன்பின் கடைக்காரர்கள் சேர்ந்து பொலிஸுக்குப் போய்ப் பெயர்களைச் சொன்னார்கள். மே மாதத்தில் பத்துப் பேர் கைதானார்கள். சிசிலியர் நூறு வருடமாகச் செய்யத் தயங்கியதை, நேற்று வந்த அகதியும் கூலியும் செய்தார்கள்.

பலேர்மோவில் 1980களிலிருந்து எம்மவரும் வாழ்கிறார்கள். வீட்டுவேலை செய்கிறார்கள், சைவர்களும் வேதக்காரரும் சேர்ந்து சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மலையேறுகிறார்கள். கோடையில் அவர்களிடம் போகிறவர்கள் மக்குவேதா வீதியால் ஒருமுறை நடந்து, அந்த வங்காளிக் கடைகளில் ஒன்றில் ஒரு போத்தல் தண்ணீராவது வாங்குங்கள். மல்பெரி வீதிக்குத்தான் போவதென்றால், சீஸ் துண்டைக் கையில் வாங்கும்போது வழிகாட்டியிடம் கேளுங்கள்: இந்தக் கடைக்காரன் 1996க்கு முன் குப்பைக்கு எவ்வளவு கட்டினான்?