தாய்லாந்துக்கு நாள் பார்த்துப் போங்கள்!

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். புது வீடு புக நாள் பார்க்கிறோம். ஆனால், பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தைச் செலவழித்து, பிள்ளைகுட்டிகளோடு கடல் தாண்டிப் போகும்போது மட்டும் நாள் பார்ப்பது இல்லை. விமான டிக்கெட் என்றைக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அன்றைக்குப் புறப்பட்டு விடுகிறோம்.

தாய்லாந்துக்குப் போகிறவர்கள் இப்படிச் செய்யக்கூடாது. அங்கே திருவிழாக்கள் அதிகம். விடுமுறை நாட்களும் அதிகம். சரியான நாளில் போனால் வாழ்நாளில் மறக்க முடியாத காட்சியைக் காணலாம். தவறான நாளில் போனால் பஸ்சிலும் இடம் இராது, ரயிலிலும் இடம் இராது. பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அந்த நாட்டுக் காலண்டரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தண்ணீர்த் திருவிழா

நம் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. நம்மவர்கள் புறப்படுவதும் அப்போதுதான். அங்கே அந்தச் சமயத்தில்தான் "சொங்ரான்" புத்தாண்டு. ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களும் நாடு முழுவதும் விடுமுறை.

"சங்கராந்தி" என்ற சொல்தான் அங்கே "சொங்ரான்" ஆயிற்று. சூரியன் மேஷ ராசிக்குள் புகும் காலம் அது. நமக்குச் சித்திரை பிறப்பதும் அதே கணக்கில்தான். 1941-ல் அரசாங்கம் புத்தாண்டை ஜனவரி 1-ந் தேதிக்கு மாற்றிவிட்டது. ஆனாலும் மக்கள் சொங்ரானை விடவில்லை.

வெளிநாட்டார் பெரும்பாலும் காண்பது தெருவில் நடக்கும் கூத்தைத்தான். வாளி வாளியாகத் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். பெரியவர், சின்னவர் என்ற வேறுபாடு கிடையாது. ஆனால் விழாவின் உயிர் வீட்டுக்குள்ளே இருக்கிறது. பிள்ளைகள் வாசனை நீரைக் கொண்டுவந்து, தாத்தா பாட்டியின் உள்ளங்கைகளில் மெல்ல ஊற்றி, ஆசி பெறுவார்கள். புத்தர் சிலைக்கும் நீராட்டு நடக்கும். இந்த விழாவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பாங்காக் நகரில் கார் ஓட்டுகிறவர்கள், கட்டிட வேலை செய்கிறவர்கள், சாப்பாட்டுக் கடையில் நிற்கிறவர்கள் ஆகியோரில் ஏராளமானவர்கள் வடகிழக்குச் சீமையிலிருந்து வந்தவர்கள். அந்தச் சீமைக்கு "ஈசான்" என்றே பெயர். நாம் ஈசானிய மூலை என்கிறோமே, அதே சொல்தான்! அவர்கள் வருடம் முழுவதும் உழைத்துவிட்டு, சொங்ரானுக்குத்தான் அம்மா முகம் பார்க்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் நாமும் பெட்டி படுக்கையோடு பஸ் நிலையத்தில் போய் நின்றால் எப்படி இடம் கிடைக்கும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சொங்ரானை ஒட்டிய ஏழு நாட்களை "அபாய நாட்கள்" என்று அந்த நாட்டு அரசாங்கமே சொல்கிறது. சாலை விபத்துகள் அவ்வளவு அதிகம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அந்த ஏழு நாட்களில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிவேகமும் குடியும் பெரிய காரணங்கள். எனவே விழாவைப் பார்க்கப் போகிறவர்கள் 11-ந் தேதிக்குள் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, 17-ந் தேதி வரை அங்கேயே இருந்துவிடுவது நல்லது. வாடகை மோட்டார் சைக்கிளைத் தொடவே வேண்டாம். தண்ணீர் விளையாட்டு பிடிக்காதவர்கள் 20-ந் தேதிக்கு மேல் போகலாம்.

பௌர்ணமிக் கணக்கு

சொங்ரானுக்குத் தேதி மாறாது. புத்த மத விழாக்களோ பௌர்ணமிக் கணக்கில் வருகின்றன. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். போன வருடம் போய்வந்தவரிடம் கேட்டு நாள் குறித்தால் ஏமாந்து போவீர்கள்.

மாக பூஜை, விசாக பூஜை, ஆஷாட பூஜை ஆகிய மூன்றும் முக்கியமானவை. மாலையில் மக்கள் பூவும் ஊதுவத்தியும் மெழுகுவர்த்தியும் ஏந்தி, கோவிலை மூன்று முறை வலம் வருவார்கள். நாமும் ஓரமாகச் சேர்ந்து நடக்கலாம். அந்நாட்களில் மது விற்பனைக்குத் தடை உண்டு. 2025-ல் சில இடங்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை!

விவசாயக் குடும்பங்கள் மே மாதத்தில் ஏர் பூட்டும் விழாவைப் பார்க்கவேண்டும். அரண்மனைக்கு அருகே உள்ள சனாம் லுவாங் மைதானத்தில் காளைகளைப் பூட்டி உழுவார்கள். பிறகு நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், சாராயம் ஆகிய ஏழையும் காளைகள் முன் வைப்பார்கள். அவை எதைத் தின்கின்றனவோ அதை வைத்து அந்த ஆண்டு விளைச்சலுக்குக் குறி சொல்வார்கள். சடங்கு முடிந்ததும், விதைத்த நெல்லைப் பொறுக்கி எடுக்கக் கூட்டம் மைதானத்துக்குள் பாயும். தம் விதைநெல்லோடு அதைக் கலந்தால் நன்றாக விளையும் என்று நம்பிக்கை.

சைவச் சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே சாப்பாடு ஒரு கவலை. சூப்பில்கூட மீன் சாறு கலந்திருக்கும். ஆனால் சீனர்களின் சைவத் திருவிழா நடக்கும் ஒன்பது நாட்களில், மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது! புக்கெட் தீவில் இந்த விழா மிகப் பெரிது. பக்தர்கள் கன்னத்தில் கம்பி குத்திக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள்.

பல ஆண்டுகளில் இந்த விழாவும் நவராத்திரியும் ஒன்றாக வரும். 2024-ல் அப்படித்தான் வந்தது. 2025-ல் சுமார் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. இரண்டும் சேர்ந்துவரும் ஆண்டில் போனால் இரட்டை லாபம். பாங்காக் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. விஜயதசமி இரவில் சாலையையே அடைத்து அம்மன் ஊர்வலம் நடக்கும். தாய்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து கும்பிடுவார்கள்.

துக்க நாட்கள்

விழா இல்லாமல் போகும் காலமும் உண்டு. 2016 அக்டோபர் 13-ந் தேதி மன்னர் பூமிபோல் காலமானார். ஒரு மாதம் கேளிக்கைகளைத் தவிர்க்கும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. நாடே கறுப்பு உடை உடுத்தியது. அத்தகைய நேரத்தில், "பணம் கட்டினோமே, ஆட்டம் பாட்டம் எங்கே?" என்று கேட்பது அழகல்ல. சாவு வீட்டுக்குப் போனவர்கள் போல அடக்கமாக நடந்துகொள்ளவேண்டும்.

எங்களைக் கேட்டால், வயதானவர்களோடு போகிற குடும்பத்துக்கு ஏற்றது நவம்பர் பௌர்ணமியை ஒட்டி வரும் "லோய் கிரதோங்" விழாதான். வெயில் தணிந்திருக்கும். வாழைமரத்தை வட்டமாக நறுக்கி, இலையும் பூவும் வைத்து, விளக்கேற்றி, ஆற்றில் மிதக்க விடுவார்கள். ஆண்டெல்லாம் தண்ணீரை அசுத்தப்படுத்தியதற்குக் கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்பது அதன் பொருள். இதற்கு அரசாங்க விடுமுறை கிடையாது. எனவே கடைகளும் பாங்குகளும் திறந்திருக்கும். பிள்ளைகள் நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாலும் பாதகம் இல்லை.

வானத்தில் விளக்கு விடும் சியாங் மாய் நகரத்தில் அப்போது ஓட்டல் அறை கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். ஆறோ குளமோ உள்ள எந்தச் சிற்றூரிலும் அன்று இரவு விளக்குகள் மிதக்கும். கரையில் விற்கும் ஒரு மிதவையை வாங்கிப் பாட்டியின் கையில் கொடுங்கள்.