நம்ம மண்வெட்டி வரப்பு வரைக்கும்! வடிகாலுக்கு யார் பொறுப்பு?



புரட்டாசி கடைசி ஆனால் போதும், ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஊருக்குள் வந்துவிடுகிறது. விவசாயிகள் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம், வயலில் தேங்கும் தண்ணீரை உடனே வடிக்க வேண்டுமாம், இன்சூரன்ஸ் கட்ட வேண்டுமாம். சரிங்க, வடிக்கிறோம். எங்கே வடிப்பது? அதை மட்டும் ஜீப் சொல்வதில்லை.

நம் பங்கை நாம் செய்யாமலா இருக்கிறோம்? கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் வரப்பை வெட்டி விடுகிறோம். வெள்ளம் தாங்கும் என்றார்கள், சி.ஆர்.1009 சப்-1 விதைத்தோம். இரண்டு வாரம் மூழ்கினாலும் அது பிழைக்கும். மூணாவது வாரமும் தண்ணி நின்றால் விதை என்ன செய்யும், பாவம்! அடங்கலுக்கு அலைந்து, சம்பாவுக்கு நூற்றுக்கு 1.5 ரூபாய் பிரீமியம் கட்டுகிறோம். இழப்பீடோ ஊர்ச் சராசரி மகசூலைப் பார்த்துத்தான் வரும். மேட்டு வயல் தப்பினால் பள்ளத்து வயல்காரன் கதி அதோகதி.

நம்ம வயல் தண்ணி கன்னி வாய்க்காலில் விழுந்து, வடிகாலில் சேர்ந்து, கடலுக்குப் போகணும். அந்த வடிகால் சர்க்கார் புறம்போக்கு. உள்ளே ஆகாயத்தாமரை, கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. கடல்நீர் ஏறாமல் தடுக்கும் ஷட்டர் துருப்பிடித்து நிற்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு. தனி ஆள் மண்வெட்டியால் இது ஆகிற காரியமா? தூர்வாருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிப் பாசன வாய்க்காலில் பொக்லைன் இறங்குகிறது. தண்ணி வருகிற வழிக்கு வேலை நடக்குது, போகிற வழிக்கு நம் பகுதியில் நடப்பதில்லை.

"அந்தக் காலத்தில் குடிமராமத்து இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருந்தது. வெள்ளைக்காரன் 1858-ல் அதற்குச் சட்டமே போட்டான். ஆனால் ஊர் செய்தது சில்லறை வேலை. பெரிய மராமத்து அன்றும் சர்க்கார் தலையில்தான். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டமும், ஆட்சியர் தலைமையில் உள்ள மாவட்ட ஆணையத்திடம்தான் தடுப்பையும் முன்னேற்பாட்டையும் ஒப்படைத்திருக்கிறது. நிவாரணம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை அல்ல.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியது. காற்றை யாராலும் தடுத்திருக்க முடியாது, அதற்காக சர்க்காரைத் திட்டவும் மாட்டோம். விழுந்த தென்னைக்கு வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்கள். வளர்த்தவனுக்குத் தெரியும் அது எந்த மூலைக்கு என்று. ஆனால் காற்று வேறு, தேங்கிய தண்ணி வேறு. தண்ணிக்கு வழிவிடுவது மனுஷன் கையில் இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வடிகால் கரையைத் தள்ளி நாலு குழி சேர்த்து நட்டவர்கள் நம்மிலும் உண்டு. அதை நாமே விட்டுக் கொடுப்போம். சங்கம் இதில் யாருக்கும் வக்காலத்து வாங்காது.

ஐப்பசி மழை இறங்குமுன் வடிகாலைத் தூர்வாரு! ஷட்டரைப் பழுது பார்! வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகம் போகிறோம். ஆளுக்கொரு மண்வெட்டி, சாக்கு நிறைய ஆகாயத்தாமரை. பெண்களும் குத்தகைதாரர்களும் அவசியம் வாருங்கள். காலை 8 மணிக்குப் பெருமாள் கோயில் வாசலில் வண்டி நிற்கும்.