அரைக் கிலோ கணக்கு: எடைக் குறைப்பு ஊசிகள் மலிவாகும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புதுதில்லி:

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் மாதம் வரையிலானது. உள்நாட்டு மருந்து நிறுவனங்கள் பலவும் தத்தம் தயாரிப்புகளுடன் அதையொட்டிச் சந்தையில் இறங்க ஆயத்தமாயின. கடந்த 2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோவும், ஜூனில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் வீகோவியும் இந்தியாவில் அறிமுகமானபோது, மாதச் செலவு பல ஆயிரம் ரூபாய் என்பதால் அவை வசதி படைத்தோருக்கான மருந்துகளாகவே பேசப்பட்டன. போட்டி வந்தால் நிலைமை மாறும். மாதச் சம்பளக்காரர்களும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கும் பொருளாக இது ஆகக்கூடும்.

இந்தப் பின்னணியில் பழைய கேள்வி ஒன்று புதிதாக எழுந்துள்ளது. எடையை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள் இதற்கு நேரடியாகவே விடையளிக்கின்றன. எடை படிப்படியாகவே குறைய வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது பாதுகாப்பான அளவு. எடைக் குறைப்புக்கான உணவு எக்காரணம் கொண்டும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே செல்லக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் நிறுவனத்தின் இந்த அறிவுரை, சமூக ஊடகங்களில் நிறைந்திருக்கும் '30 நாளில் 10 கிலோ' விளம்பரங்களுக்கு முன்னால் சற்றே சோம்பலானதாகத் தோன்றலாம்.

ஆனால் விளம்பரத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. முப்பது நாளில் பத்துக் கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் நாள்தோறும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். அதிக உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான மொத்த ஆற்றலே 1,660 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது, அவர் மாதம் முழுவதும் ஒரு பருக்கைகூட உண்ணாமல் இருந்தாலும் அந்த இலக்கை எட்ட முடியாது. எடைகாட்டும் கருவியில் எண் வேகமாக இறங்குவது உண்மைதான். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் வெளியேறுவதில் பெரும்பங்கு, கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தும் அதனுடன் பிணைந்திருக்கும் நீரும் ஆகும். வழக்கமான சோற்றுக்குத் திரும்பிய சில நாள்களில் அந்த நீரும் திரும்பிவிடும்.

உடல் பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்துள்ளது என்பதும், அச்சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமன் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கவை. எழுபது ஆண்டுகளைக் கடந்த சட்டம் கைப்பேசித் திரையை இன்னும் எட்டவில்லை போலும்.

மருந்தும் மெதுவாகத்தான்

எடைக் குறைப்பு ஊசிகள் பற்றிய பொதுக் கருத்து, அவை அதிவேக வழி என்பதே. ஆய்வுத் தரவுகள் அவ்வாறு கூறவில்லை. செமாக்ளூடைடுக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்த முதன்மை ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. அதில் 1,961 பேர் பங்கேற்றனர். மருந்து எடுத்துக்கொண்டோர் 68 வாரங்களில் சராசரியாக 15.3 கிலோ குறைந்தனர். இது அவர்களின் தொடக்க எடையில் 14.9 விழுக்காடு. உலகமே வியந்து பேசிய இந்த எண்ணை வாரக் கணக்கில் வகுத்தால் கிடைப்பது சுமார் 225 கிராம். ஐதராபாத் நிறுவனம் சொல்லும் அரைக் கிலோவில் பாதியைக்கூட அது எட்டவில்லை.

மருந்தளவும் அவ்வாறே மெல்ல ஏற்றப்படுகிறது. வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உயர்த்தி, 16 வாரங்களுக்குப் பின்னரே 2.4 மில்லிகிராம் என்னும் முழு அளவு தரப்படுகிறது. குமட்டல், வாந்தி போன்ற பக்கவிளைவுகளை உடல் தாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. இதில் அவசரப்படுத்த இடமில்லை.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆய்வின் தொடர்ச்சி விடையளித்துள்ளது. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. உலகச் சுகாதார அமைப்பு 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வகை மருந்துகளை நிபந்தனையுடன் மட்டுமே பரிந்துரைத்தது; உணவு, உடலியக்கம் சார்ந்த தீவிர ஆலோசனையும் உடன் வேண்டும் என்றது.

வேகம் மட்டுமே குற்றவாளியா?

மெதுவாகக் குறைத்தால் எடை திரும்பாது, வேகமாகக் குறைத்தால் திரும்பிவிடும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நேர்மையாகப் பார்த்தால், இதற்கான சான்று வலுவாக இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சுமார் 200 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவினர் 12 வாரங்களிலும் மற்றொரு பிரிவினர் 36 வாரங்களிலும் எடை குறைத்தனர். இலக்கை எட்டியோர் வேகமான பிரிவிலேயே அதிகம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவினருக்கும் இழந்த எடையில் சுமார் 71 விழுக்காடு திரும்பியிருந்தது.

பிரிட்டனில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாளொன்றுக்கு 850 கலோரி அளவிலான திரவ உணவைச் சில மாதங்கள் உட்கொண்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தனர். அது முழுமையான மருத்துவக் கண்காணிப்பில் நடைபெற்றது. வீட்டில் தாமாகவே பட்டினி கிடப்பதற்கு அதை ஆதாரமாகக் கொள்ள இயலாது.

அப்படியெனில் அரைக் கிலோ அறிவுரைக்கு என்ன பொருள்? அதன் வலு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, உடனடிப் பாதுகாப்பு. எடை மிக வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கற்கள் உருவாகும் ஆபத்து கூடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று.

இரண்டாவது தசை. இந்தியர்களுக்கு இதுவே பெரிய விஷயம். புணேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக், தம்மையும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட படம் புகழ்பெற்றது. இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதற்கு இது சான்றாயிற்று. ஏற்கெனவே குறைவாக உள்ள தசையைப் பட்டினியால் மேலும் இழந்தால், எண் குறைந்தாலும் நீரிழிவு ஆபத்து அதே விகிதத்தில் குறைவதில்லை. பின்னர் எடை திரும்பும்போது கொழுப்பு எளிதில் சேர்ந்துவிடும். தசை உழைப்பின்றித் திரும்பாது. செமாக்ளூடைடு ஆய்விலும் ஒரு சிறு குழுவினரை ஊடுகதிர்க் கருவியால் அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பு அல்லாத திசுவாக இருந்தது. புரதமும் தசைகளுக்கான பயிற்சியும் இன்றி ஊசி மட்டும் போட்டுக்கொள்வோர் கவனிக்க வேண்டிய எண் இது.

'சஸ்டெய்னபிள் வெயிட் லாஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு தயக்கம் ஏற்படுகிறது. 'நீடித்த எடைக் குறைப்பு' என்று எழுதினால், ஆண்டுக்கணக்கில் குறைத்துக்கொண்டே போவது என்ற பொருளும் வந்துவிடுகிறது. நீடிக்க வேண்டியது குறைந்த எடை. குறைக்கும் கட்டம் சில மாதங்களில் முடிந்துவிடும். தக்கவைக்கும் கட்டத்துக்கு முடிவே இல்லை.

550 கலோரி எங்கிருந்து வரும்?

வாரம் அரைக் கிலோ குறைய, நாளொன்றுக்கு சுமார் 550 கலோரி குறைந்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது. இரண்டு கரண்டி குறைத்தால் 240. நாளுக்கு நான்கு முறை, பத்துக் கிராம் சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர் சர்க்கரையைக் கைவிட்டால் 160. எஞ்சியதற்குச் சமைக்காத அரிசியில் 40 கிராம் அளவைக் குறைத்து, அந்த இடத்தைக் காய்கறிக்குத் தரலாம். சமையல் எண்ணெயில் பத்து விழுக்காட்டைக் குறைக்குமாறு பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில் விடுத்த வேண்டுகோள் இக்கணக்கின் ஒரு சிறு பகுதியே என்றாலும், திசை சரியானது.

இக்கணக்கும் நேர்கோட்டில் செல்லாது. எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறைகிறது, பசி கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, ஓய்வுநிலையில் அவர்களது உடல் எரிக்கும் ஆற்றல் எதிர்பார்ப்பைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறியது. மூன்றாவது, நான்காவது மாதத்தில் எடை அசையாமல் நிற்பது மன உறுதிக் குறைவால் மட்டும் நேர்வதில்லை.

எடை அசையாவிட்டாலும் பயன் இல்லாமல் போவதில்லை என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டது. உணவு, நடைப்பயிற்சி மாற்றங்களால் நீரிழிவு ஏற்படும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏதும் இன்றியே அப்பயன் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டுக்கு யார் பொறுப்பு?

2019-21ஆம் ஆண்டுக்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 24 விழுக்காடு பெண்களும் 22.9 விழுக்காடு ஆண்களும் கூடுதல் எடை அல்லது பருமன் உடையவர்கள். தமிழ்நாட்டில் பெண்களிடையே இது 40.4 விழுக்காடு, புதுச்சேரியில் 46.2 விழுக்காடு. இவர்களில் சிறு பகுதியினர் ஊசியை நாடினாலும் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் இருக்கும்.

கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் 30 வயதைக் கடந்தோரின் இடுப்புச் சுற்றளவை அளந்து படிவத்தில் பதிகின்றனர். கண்டறியும் ஏற்பாடு இவ்வாறு ஓரளவு இருக்கிறது. கண்டறிந்த பின் மாதந்தோறும் உணவைக் கேட்டு, அளவைத் திருத்தி, தடுமாறும் வேளையில் உடனிருக்கும் உணவியல் வல்லுநர் பெரும்பாலான ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இல்லை. உடல்நலக் காப்பீட்டுப் பாலிசிகளிலும் எடைக் கட்டுப்பாட்டுச் செலவு பொதுவாக விலக்கப்பட்ட இனமாகவே உள்ளது. எனவே, பணம் தீர்ந்த மாதத்தில் ஊசி நிற்கும், ஆலோசனை சொல்ல ஆளில்லாத நிலையில் எடை திரும்பும், தசை திரும்பாது.

காப்புரிமை முடிந்தபின் விலை எவ்வளவு குறைகிறது என்பதையே சந்தை உற்று நோக்கும். மருத்துவர் சீட்டுடன் ஊசி வாங்கச் செல்பவர் முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டியவை வேறு: எவ்வளவு காலம் போட வேண்டும், நிறுத்தும்போது அளவை எப்படிக் குறைப்பது, அதுவரை தசையைக் காக்க என்ன உண்பது, யாரிடம் திரும்பி வருவது.