இரவல் கரடி

கை குலுக்கியவர்கள் ஆட்சியாளர்கள். கடன் சுமந்ததோ மிருகக்காட்சிசாலை! 2017-ல் சீன அதிபர் ஷி சின்பிங் பின்லாந்துக்குச் சென்றார். இரண்டு பாண்டாக் கரடிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. அன்பளிப்பென்றா எண்ணுகிறீர்கள், தோழர்களே? அல்ல, பதினைந்தாண்டு இரவல்! 2018 ஜனவரியில் அவை ஆஹ்தாரி என்ற சிற்றூருக்கு வந்தன. கூடம் அமைக்க 80 லட்சம் யூரோவுக்கு மேல் செலவு. சீனத்துக்குச் செலுத்தும் கட்டணம் உட்பட, ஆண்டுச் செலவு 15 லட்சம். கொரோனா வந்தது, கூட்டம் குறைந்தது, விலைவாசி ஏறிற்று. உதவி கேட்டது மிருகக்காட்சிசாலை, கைவிரித்தது அரசு. ஒப்பந்தத்தன்று முன்வரிசையில் நின்ற பெருமக்கள் எங்கே என்று கேட்கிறோம் நாம். எட்டாண்டுக்கு மேல் தவணை மிச்சமிருக்க, 2024 நவம்பரில் கரடிகள் சீனம் திரும்பின. அது மிருகக்காட்சிசாலையின் வாணிப முடிவாம். அரசுக்கும் அதற்கும் தொடர்பே இல்லையாம்! சொன்னது பின்லாந்தின் வெளியுறவுத் துறை.