கல்லாற்றுக் கற்களும் கைபேசித் தாளமும்



பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்குக் கல்லாறு புதிய இடம் அன்று. நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்திக் கால் நனைக்கும் மலையடிவாரம் அது. உருண்டு திரண்ட பாறைகளின் ஊடே ஆறு ஓடுகிறது. நீர் தெளிவாயிருக்கிறதே என்று நம்பி ஆழமறியாமல் இறங்கி உயிரிழந்தோரும் உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதைக் கவனிக்கவேண்டும்.

சென்ற கோடையில் ஒரு சபையின் வாலிபர்களும் பெற்றோரும் அங்கே சென்றபோது நானும் உடனிருந்தேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இரண்டு கூழாங்கற்களைத் தட்டி, அந்த ஒலியைத் தன் கைபேசியில் பதிவு செய்தான். பின்னர் ஒரு பெரிய கல்லின் ஒலி, நீரில் கை அடித்த ஒலி. திரையில் சிறு கட்டங்கள் வரிசையாக நின்றன; ஒரு கட்டத்தைத் தொட்டால் கல் ஒலித்தது. பெரிய கல்லின் சுருதியை அவன் இறக்கியபோது, அது மிருதங்கத்தின் தொப்பியைப்போல் முழங்கிற்று. கால் மணி நேரத்திற்குள் ஒரு தாளம் உருவாகிவிட்டது. சுற்றி நின்ற வாலிபர்கள் அதற்கேற்பப் பாடினார்கள்.

அவனுடைய தாயார் என்னைத் தனியே அழைத்து, “பிரதர், இது ஆவிக்குரிய காரியந்தானா? ராத்திரி முழுவதும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்கிறான் என்றே எங்களுக்குத் தெரியவில்லை” என்றார். அந்தப் பயம் அற்பமானதன்று. பல வீடுகளில் இதே கேள்வி இருப்பதால் இம்மாதம் இதைப் பேசுகிறோம்.

முதலாவது, கருவி எங்கிருந்து வந்தது என்பதைக்கொண்டு அதைத் தள்ளிவிட முடியாது. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் இசைக்காரர்களுக்குத் தகப்பனாகச் சொல்லப்படும் யூபால் காயீனின் சந்ததியான். தமிழ் வேதாகமம் அங்கே கின்னரத்தோடு நம் ஊர் நாகசுரத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கின்னரவகையே பிற்பாடு தாவீதின் கையில் இருந்தது. நம் முற்பிதாக்கள் பாடிய ஆர்மோனியத்தின் கதையும் இப்படிப்பட்டதே. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் அதில் வராது என்பதை முக்கியக் குறையாகச் சொல்லி, அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அந்த ஆண்டுகளிலும் கிராமத்துச் சபைகளில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. கைபேசியின் விசைப்பலகைக்கும் இன்று அதே குறை சொல்லப்படுகிறது, அது உண்மையுங்கூட.

இரண்டாவது, இது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பெற்றோர் அறியவேண்டும். ஒருகாலத்தில் கேரளத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்ய விரும்பியவர் பெரும்பாலும் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 1980-இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதற்கும் வாடகை, வாத்தியக்காரர், பொறியாளர் என்று செலவு இருந்தது. 2011-இல் ஆப்பிள் நிறுவனம் காரேஜ்பேண்ட் என்னும் செயலியைத் தன் ஐபேடுக்கும், பின்பு ஐபோனுக்கும் ஏறக்குறைய ஐந்து டாலர் விலையில் கொண்டுவந்தது. 2017 முதல் அது எல்லாருக்கும் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசியில் பேண்ட்லேப் இலவசமாகக் கிடைக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் விலைக்கு உண்டு. கொரில்லாஸ் என்னும் ஆங்கிலேயக் குழு 2010-இல் அமெரிக்கப் பயணத்தினிடையே ஒரு முழு இசைத்தொகுப்பின் பெரும்பகுதியை ஐபேடிலேயே செய்து வெளியிட்டது. அவர்கள் பாடுவதை நாம் பாட வேண்டியதில்லை. கருவி போதுமானது என்பதற்கே இதைச் சொல்லுகிறேன். ஒற்றை அறையில் குடியிருந்து, பக்கத்து வீட்டாருக்குப் பயந்து கீபோர்டு வாங்கவும் தயங்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு இது திறந்த வாசல்.

ஆனால் என் மனதைப் பாரப்படுத்துகிற காரியம் வேறொன்று. ஒரு நகரத்துச் சபையில் கைபேசியிலிருந்தே தாளத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தார்கள். கேட்க இனிமையாகவே இருந்தது. ஆயினும் வயதான தாய்மார் முதல் சரணத்திலேயே பின்தங்கினார்கள். மூன்றாம் சரணத்தில் வாய்மூடி நின்றார்கள். பல்லவியை இன்னும் பாடவேண்டும் என்று சபை விரும்பிய நேரத்தில் கைபேசியின் பாட்டு முடிந்துபோயிற்று! ஆராதனையில் ஒரு வரியை இருபதுமுறை பாடுவதும், இடையே நிறுத்தி அந்நிய பாஷையில் ஸ்தோத்திரிப்பதும் நமக்குப் பழக்கம். கையால் தட்டுகிற தம்பி போதகரின் முகத்தைப் பார்த்துத் தாளத்தைத் தணிப்பான். முன்பே செய்துவைத்த தாளத்திற்குக் கண் இல்லை.

எலிசா தீர்க்கதரிசி ராஜாக்களின் முன்பாக நின்றபோது சுரமண்டலத்தைக் கேட்கவில்லை. அதை வாசிக்கிற ஒருவனை அழைத்துவரச் சொன்னார் (2 இராஜாக்கள் 3). வீட்டில் பாடல் இயற்றவும், சுருதி பழகவும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுப்பாட்டு கற்பிக்கவும் கைபேசி மிகவும் உதவும். சபையிலோ, செய்துவைத்ததை ஓடவிடாமல், உங்கள் மகனே விரலால் கட்டங்களைத் தட்டி வாசிக்கட்டும். கல்லாற்றில் அந்தத் தம்பி செய்ததும் அதுவே. பாடினவர்கள் தாமதித்தபோது அவனும் தாமதித்தான்.

செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். புளூடூத் காதொலிப்பானை மாட்டி வாசிக்காதீர்கள். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். புளூடூத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கு, சிலவேளைகளில் இரண்டு பங்கு தாமதம் ஏற்படும். முப்பது, அறுபது மீட்டருக்கு அப்பால் யாரோ அடிக்கும் மேளத்தைக் கேட்டு நீங்கள் பாடுவதுபோலாகும். கம்பியுள்ள காதொலிப்பானே நல்லது.

செயலிகள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளத்திலேயே திறக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டு நம்மிடம் வந்திருக்கும் கீர்த்தனைகள் பலவகைத் தாளங்களில் அமைந்தவை. ரூபகத்தையும் மிச்ர சாப்பையும் நான்கிற்குள் திணித்தால் சொற்கள் ஒடியும்; குறில் நெடிலாகும். எண்ணிக்கையை முதலில் மாற்றுங்கள். ஆயத்தமான தாளத் துண்டுகளை அடுக்கினால் பத்து நிமிடத்தில் பாட்டாகிவிடும் என்பது மெய்தான். பத்துச் சபைகளில் ஒரே பாட்டாகவும் இருக்கும். இணையத்தில் கிடைத்த பிறருடைய இசைத்தடத்தை எடுத்து உங்கள் பெயரில் வெளியிட வேண்டாம். அது இசையமைத்தவருடைய உழைப்பு, அனுமதி கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கைபேசியைப் பறிப்பதற்குமுன், காதொலிப்பானைக் கழற்றிவிட்டு எல்லாரும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பின் நீங்கள் உங்கள் வேகத்தில் ஒரு பாடலைப் பாடுங்கள். பல செயலிகளில், பாட்டின் வேகத்திற்கு ஏற்ப விரலால் நான்குமுறை தட்டினால், நிமிடத்திற்கு எத்தனை தட்டு என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அவன் உங்கள் பாட்டுக்குத் தட்டட்டும். அந்த எண்ணை எழுதிவையுங்கள். அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் அந்த வேகத்திலேயே வாசிக்கலாம்.

ஜெபக்கூட்டத்திற்குக் கைபேசியைக் கொண்டுபோகிற தம்பிமார், ஒலிபெருக்கியில் இணைக்குமுன் விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணீரோடு ஜெபிக்கும் வேளையில் ஏதோ ஒரு கடன் கம்பெனியின் அழைப்பு மணி வீடு அதிர ஒலிக்கும்.