கிரகணமா குற்றவாளி?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வந்தபோது, "ஈயோட கருவைப் பத்தி எழுதறேன்" என்றேன். சிரித்துவிட்டார். "நீ எலக்ட்ரானிக்ஸ் ஆச்சே, உனக்கும் ஈக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது.

என் தம்பி மேலுதட்டுப் பிளவோடு பிறந்தவன். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று சூரிய கிரகணம். அப்போது அம்மாவுக்கு ஐந்து மாதம். மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடவே, பிடிக்க வாசலுக்கு வந்திருக்கிறார். வைகாசி முதல் வாரம் தம்பி பிறந்தான். "கிரகண வெளிச்சம் பட்டுருச்சு, உள்ளேயே இருடீன்னா கேட்டாளா?" என்று அப்பத்தா அன்று ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. ஆபரேஷன் ஆகித் தழும்பு மெல்லிய கோடாகிவிட்டது. பேச்சுதான் ஆறவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். வெளிச்சத்துக்கும் கருவுக்கும் என்ன உறவு என்று தேடுவது என் தலையில் விழுந்தது.

தேடியபோது கிடைத்ததுதான் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சோதனை. பழ ஈயின் கரு அரை மில்லிமீட்டர் நீளம். அதன் இரு முனைகளிலும் ஒரு சிக்னல் கிளம்பினால்தான் 'இது தலைப்பக்கம், இது வால்பக்கம்' என்று அங்குள்ள செல்களுக்குத் தெரியும். அந்தச் சிக்னல் இல்லாத கரு, இரு முனைகளும் உருவாகாமல் செத்துப் போகும். ஹீத் ஜான்சன், ஜாரெட் டோட்சர் குழுவினர் அப்படிப்பட்ட கருவின் இரு முனைகளிலும் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். கரு பிழைத்தது. புழுவாகி, ஈயாகிப் பறந்து, குஞ்சும் பொரித்தது! 2020-ல் வெளியான ஆராய்ச்சி இது. இயற்கையில் அந்தச் சிக்னல் முனையில் பலமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். இவர்கள் கொடுத்ததோ வெறும் ஆன், ஆஃப். அதுவே போதுமாக இருந்தது. நம்ம லேபில் ஸ்விட்ச் தட்டுகிற மாதிரிதான்!

"பார்த்தியா, வெளிச்சம் கருவை மாத்தும்னு விஞ்ஞானமே சொல்லுது" என்று என் மாமா உடனே பிடித்துக்கொண்டார். இங்கேதான் நம் படிப்பு கைகொடுத்தது. எல்.டி.ஆர். மேல் டார்ச் அடித்தால் ரிலே 'டக்' என்று இழுக்கிறது. எல்.டி.ஆரைக் கழற்றிவிட்டு விடிய விடிய டார்ச் அடியுங்களேன், ரிலே அசையுமா? ஈயின் கருவில் அந்தச் சிக்னலை வெளிச்சத்தால் இயக்கும் சென்சார் கிடையாது. ஓட்ஸ் செடி (சர்க்கரைக்காரர்கள் கஞ்சி காய்ச்சுகிற அதே ஓட்ஸ்தான்) வெளிச்சத்தை உணர வைத்திருக்கும் புரதத்தின் ஒரு துண்டை எடுத்து, மாற்றியமைத்து, மரபணு வழியாக ஈக்குள் புகுத்தினார்கள். நீல ஒளி பட்டால் அந்தத் துண்டு வடிவம் மாறி, 'சாஸ்' என்ற புரதத்தைச் செல்லின் சவ்வுக்கு இழுக்கிறது. அங்கிருந்து சிக்னல் ஓடுகிறது. அந்தத் துண்டு இல்லாத கருவுக்கு அதே நீல விளக்கு வெறும் விளக்குதான்.

என் அம்மா வயிற்றில் யாரும் ஓட்ஸ் புரதம் வைக்கவில்லை. கிரகணத்தன்று புதிதாக ஒரு வெளிச்சமும் வானத்திலிருந்து வருவதில்லை. தினம் வருகிற வெயில்தான் கொஞ்சம் குறைகிறது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்பது நிஜம். அது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான்.

இந்தச் சோதனைகளில் என்னை உலுக்கியது வேறு விஷயம். இதே குழு 2017-ல், சிக்னல் இருக்கக்கூடாத இடத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தது. கரு கெட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதுதான் எல்லாமே. மனிதக் கருவிலும் முகம் உருவாவது செல்களுக்கு இடையே ஓடும் சிக்னல்களால்தான். தனித்தனியாக வளரும் பகுதிகள் நெருங்கி வந்து மேலுதடாக ஒட்டுவது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் நடுவில். ஒட்டாமல் போனால் பிளவு. அதற்குப் பரம்பரையும் வேறு பல காரணங்களும் சேர்ந்து இருக்கலாம். பலருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடிவதில்லை. கைகாட்ட ஆள் இல்லாத இடத்தில் தாயைக் காட்டுவது என்ன நியாயம்? படித்த நாமும் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறோமே, அது என்ன நியாயம்?

போன மாதம் ஊருக்குப் போனபோது, அப்பத்தாவும் இருக்கும்போதே ஏழு வாரக் கணக்கைச் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"அப்போ தீபாவளிக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சா? கிரகணம் வந்தது மாட்டுப் பொங்கலுக்கில்ல?"

அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். அன்று ஒன்றும் பேசவில்லை.